இரண்டு பக்கமும் தவில்

"நாளைக்கு மஃப்ளர் போடப் போறன், நீயும் வா" என்று நண்பன் சொன்னது ஆகஸ்ட் மாதத்தில். ஸ்கார்பரோவில் வெயில் சென்னையைப் போலவே கொளுத்திக்கொண்டிருந்தது. சென்னைக்காரனுக்கு மஃப்ளர் என்றால் மார்கழி விடியலில் பால் வாங்கப் போகும் பெரியவரின் கழுத்தில் இருப்பது. கனடாக்காரர்கள் குளிருக்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "எனக்கும் ஒண்ணு பாரு" என்றேன். அவன் கையிலிருந்த தேநீர் சிந்தும்வரை சிரித்தான்.

அவன் சொன்னது காரின் சைலன்சரை. நமக்கு அந்த வார்த்தையைப் பிரிட்டிஷ்காரன் விட்டுப் போனான்; அட்லாண்டிக்கைத் தாண்டினால் அதற்குப் பெயர் மஃப்ளர். ஒருவன் வாயை மூடு என்கிறான், மற்றவன் வாயைச் சுற்றித் துணி கட்டுகிறான். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

நண்பன் யாழ்ப்பாணத்துக்காரன். 1983 கலவரத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்து என்னோடு கல்லூரியில் படித்தவன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பழைய புல்லட் இருந்தது. திருவொற்றியூரில் செய்துவந்த வண்டி வரிசையில் ஒன்று. எத்தனையாவது கையாக எங்களிடம் வந்தது என்று எங்களுக்கே தெரியாது. சைலன்சரின் உள்ளே இருந்த தடுப்பை உருவி எறிந்துவிட்டு, கடற்கரைச் சாலையில் அதை ஓட்டிக்கொண்டு போவோம். ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டே போகவைத்தார். அன்று உருவி எறிந்தவன்தான் முப்பத்தைந்து வருடம் கழித்து, வேறொரு கண்டத்தில், அதே சாமானைக் காசு கொடுத்து வாங்கி உள்ளே மாட்டப் போகிறான்.

இப்போதைய வண்டி 1969-ஆம் ஆண்டு ஷெவர்லே கோர்வெட். கரும்பச்சை. இரண்டே இருக்கை. உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ், அதனால் வெளியே துரு ஏறாது. ஆனால் அடிச்சட்டம் இரும்பு. ரொறன்ரோ தெருக்களில் பனிக்காலத்தில் கொட்டும் உப்பு அந்த இரும்பைக் கறையான் மாதிரி தின்னும். ஆகவே நவம்பர் முதல் மே வரை வண்டி கராஜுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். மிச்சமுள்ள ஐந்தாறு மாதத்துக்காகத்தான் அத்தனை செலவும். மனைவி திட்டுகிறாள் என்றான். திட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தக் காரில் முதலில் கண்ணில் படுவது அதன் குழாய்கள். மற்றக் கார்களுக்குப் புகைக்குழாய் வயிற்றுக்கு அடியில் ஓடிப் பின்பக்கம் முடியும். இதற்கு இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே, முன்சக்கரம் முதல் பின்சக்கரம்வரை, வாழைத்தண்டு பருமனில் ஆளுக்கொன்றாகப் பளபளவென்று படுத்திருக்கிறது. 1965-இல் கம்பெனியே இதை விருப்பத் தேர்வாகக் கொடுக்கத் தொடங்கியது. 1969-இல் செய்த 38,762 கோர்வெட்டுகளில் 4,355 வண்டிகள்தான் பக்கக் குழாயோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தவை. நண்பனுடையது அந்த 4,355-இல் சேராது. முன்பு வைத்திருந்த யாரோ வெளியில் வாங்கிப் பூட்டிய குழாய். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் தாழ்ந்தது, பெண் வீட்டாரிடம் பையனின் சம்பளத்தைச் சொல்கிற மாதிரி.

காலை எட்டு மணிக்குத் திறப்பைப் போட்டுத் திருப்பினான். (யாழ்ப்பாணத்தில் சாவி என்றால் ஸ்பானர், பூட்டைத் திறப்பது திறப்பு. இதைப் புரிந்துகொள்ளாமல் கல்லூரி விடுதியில் நாங்கள் போட்ட சண்டைகள் தனிக் கதை.) இன்ஜின் பிடித்துக்கொண்ட கணத்தில் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். சத்தம் என்று சொன்னால் போதாது. நெஞ்செலும்புக்குள் யாரோ கதவு தட்டினார்கள். எதிர்வீட்டு நாய் குரைத்ததை அதன் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாடியில் நண்பனின் அம்மா ஜன்னலைச் சாத்தினார். முதல் நாளே கவனித்திருந்தேன், அந்தக் கார் உறுமும் நேரத்தில் அவர் முன்னறைக்கு வருவதில்லை.

"அம்மாவுக்கு இந்தக் காரைக் கண்ணில காட்டக் கூடாது" என்றான். "அதுக்காக இல்லை. பொலிஸ் தொல்லை, அதுதான் போடுறன்."

மார்க்கம் ரோட்டில் வடக்கே போனோம். பேசவே முடியாததால் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். நகைக்கடை, புடவைக்கடை, வக்கீல், அடமானக் கடன் தரகர், கொத்து ரொட்டி, மறுபடியும் நகைக்கடை. 'டொரண்டோ' என்று நான் எழுதும் ஊரை இங்கே தமிழில் 'ரொறன்ரோ' என்று எழுதியிருந்தார்கள். முதலில் உறுத்தியது, இரண்டு நாளில் அதுதான் இந்த ஊரின் சரியான பெயர் என்று தோன்றிவிட்டது. ஊருக்குள் வாழ்கிறவர்கள் வைப்பதுதானே பெயர்.

மெக்னிகல் அவென்யூப் பக்கம், ஒரே மாதிரியான தகரக் கதவுகள் வரிசையாக இருக்கும் தொழில்பேட்டை. ஒரு கதவில் மசாலாத்தூள் அரைக்கிறார்கள், அடுத்ததில் கல்யாண மண்டப அலங்காரம், அதற்கடுத்தது கராச். மிளகாய் நெடியும் கியர் ஆயிலும் கலந்த அப்படியொரு வாசனையை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபத்தைந்து வயது. நண்பன் 'அண்ணை' என்றதால் எனக்கும் அண்ணை. சொந்த ஊர் அளவெட்டி.

அண்ணை காரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு கையால் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்ட, நண்பன் இன்ஜினை நிறுத்தினான்.

"தம்பி, உள்ளுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் கிடக்குது. வெறும் குழாய் இப்பிடிக் கதைக்காது."

அவர் சொன்னது சரி. லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டு குழாயின் வால்பக்கத்திலும் துருப்பிடித்த ஒரு சல்லடைக் குழல் இருந்தது. எந்தக் காலத்திலோ போட்ட தடுப்பு. அதைச் சுற்றியிருந்த பஞ்சு முழுவதும் எரிந்து பறந்துபோய், எலும்புக்கூடு மட்டும் மிச்சம். நண்பனுக்கு வெட்கம். மூன்று வருடமாக உள்ளே ஒன்றும் இல்லை என்று நம்பி, முதலில் தானே வைத்தியம் பார்த்திருக்கிறான்: பாத்திரம் துலக்கும் கம்பிப் பஞ்சை டஜன் கணக்கில் வாங்கித் திணித்து, 401 நெடுஞ்சாலையில் ஏறி அழுத்தியபோது அத்தனையும் பின்னால் வந்த லாரி மீது பறந்திருக்கின்றன. அண்ணை இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "எங்கட ஊரிலை தென்னம் தும்பு அடைச்சவங்களையும் கண்டனான்" என்று மட்டும் சொன்னார்.

சூடு ஆறக் காத்திருக்க வேண்டும். இந்தக் குழாய்க்காரர்கள் எல்லோர் காலிலும் ஒரு தழும்பு இருக்குமாம். இறங்கும்போது கெண்டைக்கால் குழாயில் படும். தோல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நண்பன் தன் தழும்பைக் காட்டினான், ஒரு அங்குல நீளம். "மாட்டுக்குக் குறிசுடுற மாதிரி, இவருக்கும் குறிசுட்டாச்சு" என்றார் அண்ணை. "இனி எங்க துலைஞ்சாலும் ஆரின்ர மாடு எண்டு தெரியும்."

துரு இளக்கும் எண்ணெயைப் போல்ட்டில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம். நண்பன் கைபேசியில் சட்டம் வாசித்தான். ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், 75-ஆம் பிரிவு. ஒவ்வொரு வண்டியிலும் ஒழுங்காக வேலை செய்யும் மஃப்ளர் இருக்க வேண்டும். நேர்குழாய் கூடாது, குடலெடுத்த மஃப்ளர் கூடாது, 'ஹாலிவுட் மஃப்ளர்' கூடாது. கடைசி வார்த்தையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எந்தக் காலத்துச் சண்டியர்களை மனதில் வைத்து எழுதினார்களோ, சட்டப் புத்தகத்துக்குள் ஒரு சினிமாப் பெயர் இன்னும் குடியிருக்கிறது. இது போதாதென்று நகரத்துக்குத் தனி இரைச்சல் விதி உண்டு, விதித்தொகுப்பின் 591-ஆம் அத்தியாயம். 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அதில் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணே கொடுத்துவிட்டார்கள்: சும்மா நின்று ஓடும்போது, குழாய் வாயிலிருந்து 50 சென்டிமீட்டரில் 92 டெசிபலைத் தாண்டக் கூடாது. காரும் அந்த எண்ணுக்குள் அடங்கினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது நண்பனின் கணக்கு. காலையில் கைபேசிச் செயலியில் அளந்தபோது 97 காட்டியது. ஐந்துதானே அதிகம் என்றேன். டெசிபல் அப்படியில்லை, மூன்று ஏறினாலே சத்தத்தின் ஆற்றல் இரண்டு மடங்கு.

தடுப்பு என்பது ஒரு கை நீளத்துக்கு ஓர் எஃகுக் குழல், உடம்பெல்லாம் ஓட்டை. ஒரு முனையில் விளிம்பு வளையம். அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சைக் கட்டி, பெரிய குழாய்க்குள் வால்பக்கமாகச் செருகி, அடியில் ஒரு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். பழைய போல்ட்டின் தலை முதல் திருகிலேயே முறிந்து விழுந்தது. மிச்சத்தைத் துளையிட்டு எடுக்க முக்கால் மணி நேரம். மறுபக்கத்தில் போல்ட் முறியவில்லை. உள்ளே இருந்த எலும்புக்கூடு வெளியே வர மறுத்தது. சுத்தியலால் தட்டி, இடுக்கியால் முறுக்கி, கடைசியில் துருத்தூள் அண்ணையின் முகமெல்லாம் கொட்ட, வந்து சேர்ந்தது.

பஞ்சு சுற்றுவதில்தான் அண்ணை நேரம் எடுத்துக்கொண்டார். கையுறை போட்டுக்கொண்டு (கண்ணாடிப் பஞ்சு தோலில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும்) மூன்று முறை சுற்றிப் பிரித்தார். லேசாகச் சுற்றினால் புகையின் வேகத்தில் பிய்ந்து பறந்துவிடும். இறுக்கி அடைத்தால் அது பஞ்சாக இருக்காது, சுவராகிவிடும். சுவர் சத்தத்தை விழுங்காது, திருப்பி அனுப்பும். தலையணைக்குப் பஞ்சு அடைக்கிறவனின் கைக்குத் தெரிகிற அளவு ஒன்று இருக்கிறதே, அது. நாலாவது முறை திருப்திப்பட்டு, துருப்பிடிக்காத கம்பியால் ஐந்து இடத்தில் கட்டினார்.

"புகை நேர போகோணும். மறிச்சியளெண்டால் இஞ்சின் மூச்சுத் திணறும். சத்தம் மட்டும் சந்து பொந்துக்குள்ள போய்த் துலைஞ்சு போகோணும். அவ்வளவுதான் விஷயம்."

இயற்பியல் புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. நடுவே வழி திறந்திருப்பதால் வாயு தடையின்றிப் போகும். ஒலியலை பக்கத்து ஓட்டைகளின் வழியே பஞ்சுக்குள் நுழைந்து, ஆயிரக்கணக்கான இழைகளில் உரசிச் சூடாகிச் செத்துப்போகும். துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்து 1909-இல் காப்புரிமை வாங்கிய ஹிராம் பெர்சி மாக்சிம் கார்களுக்கும் மஃப்ளர் யோசித்தவர். அவருடைய அப்பாதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். தன் துப்பாக்கியின் சத்தத்திலேயே காது மந்தமானவர். அப்பன் போட்ட சத்தத்தை அடக்கப் பிள்ளை ஆயுளைச் செலவழித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். நாம் எல்லாருமே ஏறக்குறைய அப்படித்தான் என்று சொல்லத் தோன்றியது; அண்ணை ஸ்பானர் கேட்டதால் தப்பித்தீர்கள்.

இடப்பக்கம் மட்டும் பூட்டி முடித்ததும், அண்ணை எதிர்பாராத ஒன்று செய்தார். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு இன்ஜினை ஓடவிடச் சொன்னார். புதுப் பஞ்சிலிருந்த பிசின் எரிந்து வெண்புகை வந்தது, தீய்ந்த தோசை நாற்றம். ஐந்து நிமிஷத்தில் அடங்கியது.

"இப்ப நீங்கள் ரெண்டு பக்கமும் மாறி மாறி நிண்டு கேளுங்கோ. தவில் கேட்டிருப்பியள்தானே?"

கேட்டேன். வலப்பக்கம் காலையில் கேட்ட அதே அடி. இடப்பக்கம் அதே தாளத்தைப் போர்வைக்குள்ளிருந்து யாரோ வாசித்தார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்து விழவில்லை. ஏதோ மாறி மாறி விழுகிறது, பிடிபடவில்லை. அண்ணை ஒரு மசகுத் துணியை மடித்துத் தொடையில் போட்டுக்கொண்டு, விரலால் தட்டிக் காட்டினார்.

அதை நான் பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இந்த எட்டு சிலிண்டர் இன்ஜினில் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் இடப்பக்க வரிசை, இரட்டைப்படை வலப்பக்கம். எட்டு வெடிப்பும் சம இடைவெளியில் விழுகின்றன, எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளம் மாதிரி. ஆனால் இடப்பக்கக் குழாய்க்கு வருவது முதல், நாலாவது, ஆறாவது, ஏழாவது அட்சரம் மட்டும். அதாவது இடைவெளி 3, 2, 1, 2. வலப்பக்கத்துக்கு இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவது. இடைவெளி 1, 2, 3, 2. ஒருவர் விட்ட இடத்தையெல்லாம் மற்றவர் நிரப்புகிறார். சாதாரணக் காரில் இரண்டு பக்கப் புகையும் அடியில் ஒரு குறுக்குக் குழாயில் கலந்து எட்டும் சமமாகிவிடும். இந்தப் பக்கக் குழாய்கள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஆகவே காருக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தவில். நிமிஷத்துக்கு 700 சுழற்சி என்றால் விநாடிக்கு ஏறக்குறைய ஆறு ஆவர்த்தனம். எந்தக் கையும் அந்த வேகத்துக்குப் போகாது. அந்த வேகத்திலும் அண்ணையின் காது அதைப் பிரித்துக் கேட்டிருக்கிறது.

"எங்கட ஊரிலை தெட்சணாமூர்த்தியின்ர தவில் கேட்டு வளந்த சனம்" என்றார், காரணம் சொல்வதுபோல. 1975-இல் நாற்பத்தொரு வயதில் மறைந்த அந்த மேதையை அண்ணை சிறுவனாகக் கோயில் வீதியில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். தவிலுக்கு வலந்தலை, தொப்பி என்று இரண்டு முகம். விரலில் கூடு மாட்டி அடிக்கும் வலந்தலையில்தான் காதைக் கிழிக்கும் கூர்மை. கழியால் அடிக்கும் தொப்பியில் அடிவயிற்றுக் கனம். கண்ணாடிப் பஞ்சு விழுங்குவது பெரும்பாலும் அந்த மேல்சுரக் கூர்மையைத்தான். தாழ்ந்த ஒலியை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. "வலந்தலையைக் குறைச்சுப் போட்டு, தொப்பியை விட்டிருக்கிறன். தாளம் போகேல்லை" என்றார்.

இப்படியொரு காது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தவில் பாதிக் காரணம்தான். மீதியை அவர் வலப்பக்கத் தடுப்புக்குப் பஞ்சு சுற்றிக்கொண்டே சொன்னார். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. தடை. அங்கே மிச்சமிருந்தவை பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள். அவற்றை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் சொட்டுப் பெற்றோலைக் கார்புரேட்டருக்குள் பீச்சி ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மாற்றும் நேரம் தப்பினால் நின்றுவிடும். எல்லாம் சத்தத்தை வைத்துத்தான். உதிரிப் பாகமில்லை, அளவுக் கருவியில்லை, மின்சாரமில்லை. ஐந்து வருடம் அவர் அப்படித் தொழில் செய்திருக்கிறார்.

பிறகு சற்றும் தொடர்பில்லாமல் நண்பனிடம் கேட்டார்: "அம்மா எப்ப இஞ்ச வந்தவ?"

"ரெண்டாயிரத்து மூண்டில ஸ்பொன்சர் பண்ணினனான்."

"அப்ப தொண்ணூறு தொண்ணூற்றஞ்சில ஊரில நிண்டிருக்கிறா."

"ஓம்."

அண்ணை கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு, "இந்தக் கார் குறைஞ்ச ரேசில ஏறி வரேக்குள்ள என்ன சத்தம் எண்டு உனக்குத் தெரியாது. நீ முந்தியே வெளிக்கிட்டிட்டாய்" என்றார். "அது சகடை."

நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்கு மேலே பீப்பாய்க் குண்டு போட வந்த அவ்ரோ விமானத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் சகடை. மெதுவாக, கடகடவென்று, மாட்டுவண்டி மாதிரி வரும். வேகமாக வருவது பொம்மர். அதற்குக் காது கொடுக்கவே நேரமிருக்காது. சகடை அப்படியில்லை. தூரத்திலேயே கேட்கும், வந்துகொண்டே இருக்கும். பங்கருக்குள் இறங்க நேரம் தரும், அவ்வளவு நேரமும் பயப்படவும் நேரம் தரும். நண்பன் அந்தச் சத்தத்தை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. சென்னையில் என்னோடு புல்லட்டின் குடலை உருவிக்கொண்டிருந்துவிட்டு, 1989-இல் நேரே கனடா வந்தவன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளிச்சம் தேவையில்லாத இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

வலப்பக்கமும் பூட்டியாயிற்று. போல்ட்டின் மரையில் செப்புப் பசை தடவினார், அடுத்தமுறை எவன் கழற்றினாலும் சபிக்காமல் இருக்க. இரட்டை நட் போட்டார். இன்ஜின் ஓடியது. செயலியில் 89. ஆனால் அண்ணை கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். வலப்பக்கத்தை மறுபடி கழற்றி ஒரு சுற்றுப் பஞ்சு கூட்டினார். 88. ஒரு டெசிபலுக்காகவா இன்னொரு மணி நேரம் என்று எனக்குத் தோன்றியது. அவர் டெசிபலுக்காகச் செய்யவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கூலியாக வாங்கியது மூன்று மணி நேரத்துக்கு. நாங்கள் அங்கே இருந்தது ஆறு.

வெள்ளோட்டத்துக்குக் கிழக்கே போவதென்று முடிவாயிற்று. 401 வேண்டாம், கிங்ஸ்டன் ரோடு. பெருஞ்சாலை வருவதற்கு முன்னால் மான்ட்ரியல் பக்கம் போகிறவர்களுக்கு அதுதான் வழி. அந்தக் காலத்து மோட்டல்கள் சில இன்னமும் நிற்கின்றன, பலகை மட்டும் மங்கி. தெற்கே ஒரு சந்தில் திரும்பி ஸ்கார்பரோ பிளஃப்ஸ் பார்த்தோம். ஏரிக்கரையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளத்துக்கு வெண்மண் செங்குத்துகள். உயர்ந்த இடத்தில் தண்ணீரிலிருந்து 90 மீட்டர். 1793-இல் இந்த மாகாணத் துணைநிலை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ இதைப் பார்த்துவிட்டு, யார்க்‌ஷையரின் ஸ்கார்பரோ நினைவுக்கு வர, அந்தப் பெயரையே வைத்துவிட்டார். ஊரைப் பிரிந்து வந்த பெண்ணின் ஏக்கம் ஒரு நகரப் பகுதிக்குப் பெயராகிவிட்டது. பக்கத்து மார்க்கம் நகரில் இப்போது வன்னி அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் 1,800 சுழற்சியில் ஓடியது. முன்பு அந்த இடத்தில்தான் ஒரு ரீங்காரம் மண்டைக்குள் புகுந்து உட்காருமாம். ஒவ்வொரு குழாயிலும் விநாடிக்கு 60 வெடிப்பு. இரண்டு பேர் உட்காரும் சின்ன அறை அதற்கு ஒத்தூதும். இப்போது பேச முடிந்தது. பேசத்தான் இல்லை. பிக்கரிங் அணுமின் நிலையத்தைத் தாண்டும்போது நண்பன், "ரெண்டாயிரத்து மூண்டில இருந்து பேஸ்மென்டிலதான் படுக்கிறா. மேல அறை இருக்குது, வேண்டாம் எண்டவ. குளிருக்கு எண்டு நினைச்சன்" என்றான். அப்புறம் ஆஷவா வரும்வரை கியர் மாற்றுவதில் மும்முரமானான்.

ஆஷவா கார்களின் ஊர். மக்லாக்லின் குடும்பம் 1876-இல் இங்கே குதிரை வண்டிப் பட்டறையைக் கொண்டுவந்து வைத்தது. 1907-இல் கார் கம்பெனி. 1918-இல் அது ஜெனரல் மோட்டார்ஸ் கனடா. சிம்கோ தெருவில் பழைய கார் விற்பனைக் கூடமொன்றில் கனடிய மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூட அரைமணி நேரம்தான் பாக்கி. மக்லாக்லின் கார்களை ஓட்டமாகப் பார்த்தோம். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1974-இல் தொடங்கி அடுத்த வருடமே திவாலான பிரிக்லின் கார், கழுகுச் சிறகு மாதிரி மேலே திறக்கும் கதவோடு நின்றது. அதன் முன்னால் மட்டும் நண்பன் கொஞ்சம் நின்றான். எனக்கு நினைவில் பதிந்தது வேறு. அரைக்கால் சட்டை போட்டிருந்ததை மறந்து, வாசலில் இறங்கும்போது வலது கெண்டைக்காலைக் குழாயில் வைத்தேன். நானும் குறிசுட்ட மாடு. தடுப்பு போட்டால் சத்தம்தான் குறையும். சூடு அப்படியேதான் இருக்கிறது.

வீடு திரும்பியபோது இருட்டியிருந்தது. நண்பன் தெருமுனையிலேயே வேகத்தைக் குறைத்து, வாசல் மேட்டில் மெதுவாக ஏற்றி, இன்ஜினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்தது. அம்மா படியில் நின்று, ஒரு கையைக் கதவு நிலையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன, காரை மாத்திப் போட்டியே?"

"இல்லை அம்மா. அதே கார்தான்."

அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். "கூட்டுறவுக்கடை றக்ரர் மாதிரிக் கிடக்குது" என்றார். திட்டா பாராட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு என் கால் நொண்டலைக் கவனித்து உள்ளே போய்க் கற்றாழை மடல் ஒன்றோடு வந்தார். ஜன்னலோரத் தொட்டியில் வளர்க்கிறாராம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலுக்கு நண்பனின் மனைவியின் காரில்தான் போவது வழக்கம். அம்மா பச்சைக் காரைக் காட்டி, "இதில போவம்" என்றார். புடவையோடு அந்தக் குழாயைத் தாண்டி எப்படி உட்காருவது என்று பெரிய ஆலோசனை நடந்தது. நண்பன் பழைய சாக்கொன்றைத் தண்ணீரில் முக்கி நாலாக மடித்துக் குழாய்மேல் போட்டான், திரும்பி வரும்போது வேண்டும் என்று இன்னொன்றை வாளியோடு பின்னால் வைத்தான். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, கொசுவத்தை ஒரு கையால் தூக்கி, முதலில் உட்கார்ந்து, அப்புறம் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். காரில் இரண்டே இருக்கை. நான் வாசலில் நின்றேன்.

அவன் திறப்பைத் திருப்பியதும் அம்மாவின் கை கதவுப்பிடியை இறுக்கியதைப் பார்த்தேன். கார் கிளம்பித் தெருமுனையில் வலது பக்கம் திரும்பும்வரை அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. நனைத்துப் போட்ட சாக்கு குழாயிலிருந்து நழுவித் தெருவிலே கிடந்தது. எடுத்து வந்து கராஜ் கதவில் காயப் போட்டேன்.